மகளோடு கொழும்பிலிருந்து லண்டனுக்கு: ஸ்ரீலங்கன் யூ.எல். 503 பயணம் பற்றி

எங்கள் மகளுக்கு அன்றைக்கு 14 மாதம். எங்கள் கைக்கு வந்து 23 நாள். இந்த இரண்டு கணக்கையும் முதலே சொல்லிவிடுகிறேன். கைப்பிள்ளையோடு பிளேன் ஏறுவது பற்றி எழுதியவர்கள் கனபேர் இருக்கிறார்கள். வெள்ளவத்தையில் இருந்த நாட்களில் இரவிரவாக அதையெல்லாம் தேடி வாசித்தேன். பம்பர்ஸ் எத்தனை, சூப்பி எத்தனை, காதுக்கு என்ன செய்வது, எல்லாம் இருந்தது. யாரை ‘அம்மா’ என்று கூப்பிடுவதென்று இன்னும் தெரியாத ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு 11 மணித்தியாலம் பறப்பது எப்படி என்று மட்டும் எங்கேயும் இருக்கவில்லை. தத்தெடுத்த பிள்ளையோடு கொழும்பிலிருந்து வெளிக்கிடப் போகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் வந்தது ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் கொழும்பு–லண்டன் நேர் விமானம், யூ.எல். 503. திரும்பவும் அதில் போவீர்களா என்றால், ஓம், போவோம். சாப்பாட்டுக்காகவோ சீற்றுக்காகவோ சொல்லவில்லை. காரணத்தைச் சொல்ல கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

பிள்ளை இருந்த இல்லத்தைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். அது அவளுடைய கதை, வளர்ந்தபின் அவள் சொல்ல விரும்பினால் சொல்லட்டும். பயணத்துக்கு வேண்டிய அளவு இதுதான்: ஒரு நீளக் கூடம், வரிசையாகத் தொட்டில் கட்டில்கள், முறைவைத்து வேலைக்கு வரும் பெண்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் எல்லோரும் ‘அம்மா’. பகலுக்கு ஒரு அம்மா, இரவுக்கு ஒரு அம்மா, போயாவுக்கு, அதாவது பௌர்ணமி விடுமுறைக்கு, லீவில் போனவவுக்குப் பதிலாக இன்னொரு அம்மா. நல்ல மனிசர்கள். எங்கள் மகளைக் கொடுத்த அன்று ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதை நான் மறக்க மாட்டேன். ஆனால் ஒருத்தி ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளையைத்தான் தூக்கலாம்?

அதனால் எங்கள் மகள் சிரித்த முகம் எதைக் கண்டாலும் கையை நீட்டுவாள். முதல் நாள் என்னிடமும் அப்படித்தான் பாய்ந்து வந்தாள். சந்தோசத்தில் அழுதுவிட்டேன். லண்டனில் எங்களுக்குப் பொறுப்பாக இருந்த சமூக சேவையாளரிடம் போனில் அதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக விளங்கப்படுத்தினார். யார் கூப்பிட்டாலும் போகிற பிள்ளை, தனக்கென்று ஒரு ஆள் இருப்பதை இன்னும் அறியாத பிள்ளை. முதல் மாதங்களில் தூக்குவது, ஊட்டுவது, அழுதால் தேற்றுவது, இந்த மூன்றையும் நீங்கள் இரண்டு பேர் மட்டும் செய்யுங்கள். மற்றவர்கள் பக்கத்தில் இருந்து கதைக்கலாம், விளையாட்டுக் காட்டலாம். கையில் எடுக்கவேண்டாம்.

எங்கள் சனத்திடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பிள்ளை பார்க்க வந்த மாமிமார், சித்திமார், பக்கத்து ஃபிளாற் அன்ரி, எல்லோருமே வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கையை நீட்டிக்கொண்டுதான் வருவார்கள். அது எங்கள் வழக்கம், பாசம். அதற்காகவே அம்மாவின் வீட்டில் தங்காமல் மூன்று ஒழுங்கை தள்ளி ஒரு அனெக்ஸ் எடுத்தோம். அம்மாவுக்கு அது சரியான மனவருத்தம். ‘நான் என்ன பிறத்தியாளோ?’ என்று ஒருநாள் கேட்டா. எனக்குப் பதில் வரவில்லை. ‘இல்லையம்மா, முதலில் அவளுக்கு நான் பிறத்தியாள் இல்லையென்று ஆகட்டும்’ என்று இவர்தான் சொன்னார். அம்மா தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து பிள்ளைக்கு முன்னால் நிலத்தில் இருந்து கரண்டி தட்டி விளையாடினா, ஒருதரமும் தூக்கவில்லை.

ஆக, ஒரு விமான சேவையிடம் எங்களுக்கு வேண்டியிருந்தது, வழக்கமாக நல்ல உபசரிப்பு என்று சொல்வதற்கு நேர் எதிரானது. பிள்ளையைத் தூக்கித் தாலாட்டும் பணிப்பெண் மற்றத் தாய்மாருக்கு வரம். எங்களுக்கு அது 23 நாள் வேலையில் விழும் ஓட்டை.

ரிக்கெற் விசயத்தில் ஒரு எச்சரிக்கை. கொழும்பின் ‘காலி வீதி’ (Galle Road) என்ற தெருவில் ஒரு ஏஜென்சியில்தான் போட்டோம். முன்வரிசையில் சுவரோடு மாட்டும் தொட்டில் உறுதி என்று சொன்னார்கள், துண்டிலும் எழுதித் தந்தார்கள். பயணத்துக்கு ஆறு நாள் இருக்க மனம் கேளாமல் விமானக் கொம்பனிக்கே நேரே போன் எடுத்தேன். தொட்டிலும் இல்லை, முன்வரிசையும் இல்லை. இவரும் நானும் வேறு வேறு வரிசை. போனில் கதைத்த பெண் பிள்ளையின் நிறை என்ன, நீளம் என்ன என்று கேட்டா. 9 கிலோ என்றேன். இந்த வயதுக்குத் தொட்டில் இறுக்கமாக இருக்கலாம், ஆனால் முன்வரிசையில் காலடியில் இடம் கூட, உங்களுக்கு அது உதவும் என்று சொல்லி, நடுவில் இருக்கும் நான்கு சீற்றில் ஓரத்து இரண்டை மாற்றித் தந்தா, தொட்டிலையும் பதிந்தா. ஏ330 விமானம், சாதாரண வகுப்பில் இரண்டு, நான்கு, இரண்டு என்று சீற்றுகள். ஏஜென்சியின் வாய்ப்பேச்சை நம்பாமல் நீங்களே எடுத்துக் கேளுங்கள். இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் பிள்ளை மடியில்தான். அதற்கு ரிக்கெற் காசில் ஒரு சிறு பங்கு மட்டும் எடுப்பார்கள்.

வழியில் மாறி ஏறும் விமானங்கள் எங்கள் திகதிக்கு மலிவாகக் கிடைத்தன. இவர் கணக்குப் பார்த்தார், நான் மறுத்துவிட்டேன். இல்லத்திலிருந்து அனெக்ஸ், அங்கிருந்து நீதிமன்றம், பத்தரமுல்லை அரசாங்கக் கந்தோர்கள், திரும்ப அனெக்ஸ் என்று மூன்று கிழமையில் அவள் கண்ட இடமாற்றம் போதும். ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். அதற்குக் கொடுத்த மேலதிகக் காசு எனக்கு நோகவில்லை.

வெளிக்கிட்ட அன்று காலை அம்மா வான் வரைக்கும் வந்தா. நான் பிள்ளையை மார்போடு கட்டும் பையில் வைத்துக் கட்டியிருந்தேன், முகம் என் பக்கம். அம்மா கையை நீட்டினா, பாதியில் நிறுத்தினா, பிறகு பைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த இடது பாதத்தைத் தன் உள்ளங்கையில் ஏந்தினா. மிதிக்கக் கொடுப்பதுபோல. பிள்ளை குனிந்து பார்த்தாள், கால்விரலை மடக்கி அம்மாவின் பெருவிரலைப் பிடித்தாள். ‘சரி, போட்டு வாங்கோ’ என்று அம்மா சொன்னா. வான்காரத் தம்பி கதவைச் சாத்தாமல் அவ்வளவு நேரமும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேகப்பாதை 26 கிலோமீற்றருக்குக் கிட்ட. அதில் ஏறியபின் விமான நிலையம் கையெட்டும் தூரம்தான். வெள்ளவத்தையிலிருந்து, அந்தப் பாதை தொடங்கும் பேலியகொடை போய்ச் சேர்வதுதான் பாடு. அலுவலக நேரத்தைத் தவிர்த்து வெளிக்கிடுங்கள்.

விமான நிலையத்தில் பிள்ளைப் பையை இரண்டு தரம் கழற்றவேண்டி வந்தது. நுழையும்போது ஒருதரம், பிளேனுக்குப் போகும் வாசலில் ஒருதரம். என் பையின் கொளுவி முதுகுப் பக்கம், இரண்டு கை இருந்தாலும் எட்டாது. இரண்டு தரமும் இவர் பின்னால் நின்று கழற்றினார், அதற்குள் பிள்ளை அரண்டுவிட்டாள். வாங்குகிறவர்கள் கொளுவி முன்னால் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். புறக்கோட்டையில் அப்படிப்பட்டதும் தொங்கிக்கொண்டிருந்தது. நிறம் வடிவென்று நான் மற்றதை எடுத்தேன்.

குடியகல்வு மேசையில் இருந்த உத்தியோகத்தர் எங்கள் கடதாசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நீதிமன்றக் கட்டளையின் அத்தாட்சிப் பிரதி, அதன் மொழிபெயர்ப்பு, மகவேற்பு (தத்தெடுப்பு) சான்றிதழ், நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களத்தின் கடிதம், நாடுகளுக்கிடையில் தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கைச் சான்றிதழ். பிள்ளையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இவருடைய பெயர், என்னுடையதில் என் அப்பாவின் பெயர். தமிழ்ப் பேர் வழக்கம் தெரியாதவருக்கு மூன்று பேரும் மூன்று குடும்பமாகத் தெரியும். ஆகவே கட்டளையின் ஒரு பிரதி தாயின் கையில், ஒன்று தகப்பனின் கையில் இருக்கவேண்டும். பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார், அவரும் வாசித்தார். பின்னால் வரிசை நீண்டது. 20 நிமிடத்துக்கு மேல்.

எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு ஐயா, ‘பெத்த பிள்ளையைக் கொண்டுபோகவும் இவ்வளவு கேள்வியோ’ என்று எங்களுக்காகக் கோபப்பட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. 1980களில் இந்த நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். பொய்யான பிறப்புப் பத்திரம், தாய் என்று சொல்லி நீதிமன்றத்துக்குக் கூட்டிவந்த வேறு பெண், ‘பிள்ளைப் பண்ணை’ என்று பேரெடுத்த வீடுகள். அதை 2017இல் அப்போதைய சுகாதார அமைச்சரே ஒரு டச்சுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒப்புக்கொண்டார். அப்படிப் போன பிள்ளைகள் இன்றைக்கு நாற்பது வயது ஆட்களாகத் திரும்பி வந்து, கையில் உள்ள பத்திரத்தில் இருக்கும் பெயருக்கு ஆளே இல்லையென்று கண்டு நிற்கிறார்கள். 1941ஆம் ஆண்டின் மகவேற்புச் சட்டத்தை 1992இல் திருத்தி, வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பிள்ளை கொடுப்பதை நன்னடத்தை ஆணையாளரின் பொறுப்புக்குள் இறுக்கியது அதனால்தான். 1995இல் ஹேக் உடன்படிக்கையிலும் இலங்கை சேர்ந்தது. அந்தக் காலத்தில் கட்டுநாயக்கவில் ஒருவர் இப்படி 20 நிமிடம் வரிசையை மறித்து வாசித்திருந்தால் எத்தனை தாய்மாருக்குப் பிள்ளை மிஞ்சியிருக்கும். அவர் முத்திரையைக் குத்தி, பிள்ளையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, பாஸ்போர்ட்டைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தார். நான் நன்றி சொன்னேன், மனமாரத்தான் சொன்னேன்.

இனி விமானம். வாசலில் மயில்தோகைச் சேலை கட்டிய இரண்டு பேர், ஆயுபோவன், வணக்கம். எங்கள் வரிசைக்குப் பொறுப்பான பணிப்பெண் நடு வயது, சிங்களப் பெண். நான் பையை அவிழ்த்து மகளை மடியில் வைத்தவுடனே குனிந்து, ‘பபா, எனவாத?’ என்றா. பபா, வாறீங்களா என்று.

மகளுக்குப் பழகிய பாசை. 14 மாதமும் காதில் விழுந்த பாசை. நான் 23 நாளாகத் தமிழில் கதைத்துக்கொண்டிருந்தேன், அவளும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்தச் சத்தம் கேட்டதும் அவள் முகம் மலர்ந்ததை என்னவென்று சொல்ல. இரண்டு கையையும் நீட்டி, இடுப்பிலிருந்து முழு உடம்பையும் முன்னால் எறிந்தாள். என் கைக்குள் இருந்தது அவளுடைய கால்கள் மட்டும்தான்.

அந்தப் பெண்ணின் கையும் நீண்டிருந்தது. என் முகத்தில் என்ன தெரிந்ததோ. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், ‘எங்களிடம் வந்து 23 நாள்தான் மிஸ், இன்னும் பழகவில்லை’ என்றேன். குரல் உடைந்துவிட்டது. அவ உடனே கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டா. மகளின் கண்மட்டத்துக்குக் குந்தி இருந்து, தாடையால் என்னைக் காட்டி, ‘அம்மா லங்க இன்ன, பபா’ என்றா. அம்மாவிடம் இருங்கோ. பிறகு திரும்ப, மெதுவாக, அந்த ஒரு சொல்லை மட்டும்: ‘அம்மா.’

சிங்களத்திலும் அது அம்மாதான், தமிழிலும் அம்மாதான். இல்லத்தில் வேலைக்கு வந்த எல்லோருக்கும் பொதுவாக இருந்த அந்தச் சொல்லை, அதே பாசை பேசும் ஒருத்தி, தான் எடுத்துக்கொள்ளாமல் எனக்குக் காட்டிக் கொடுத்தா. மகள் அவவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாயை நெளித்து அழுதாள், கனநேரம் அழுதாள். அழுதபடியே என் தாலிக்கொடியைக் கையில் சுற்றிப் பிடித்தாள். நல்ல சேவை என்றால் என்ன என்று யாராவது கேட்டால், முதுகுக்குப் பின்னால் கட்டிய அந்தக் கையைத்தான் சொல்வேன்.

அதன்பிறகு நாங்கள் கேட்காமலே எல்லாம் நடந்தது. அவ மற்றப் பணியாளர்களுக்கும் சொல்லியிருக்கவேண்டும். சுடுதண்ணி வேண்டியபோது போத்தலை எங்களிடம்தான் தந்தார்கள், பிள்ளையிடம் நீட்டவில்லை. ஒருவர் ஒரு விளையாட்டுப் பொருளைக் கொண்டுவந்து, ‘நீங்கள் கொடுங்கோ’ என்று என் கையில் வைத்தார். மூன்று வரிசை தள்ளி இருந்த ஒரு அன்ரி, தமிழ் ஆள்தான், பிள்ளை அழுத நேரம் எழும்பி வந்து, ‘இங்க தாங்கோ பிள்ளை, நான் ஒரு சுத்துச் சுத்திக் கொண்டாறன், நீங்கள் கண்ணயருங்கோ’ என்றா. நல்ல மனசோடு வந்தவவிடம் எப்படி மாட்டேன் என்பது? அந்தப் பணிப்பெண்தான் இடையில் வந்து, சிரித்துக்கொண்டே, தாய்தான் வைத்திருக்கவேண்டும் மெடம், அதுதான் பிள்ளைக்கு நல்லது என்று அவவைக் கூட்டிக்கொண்டு போனா. அன்ரி கோபிக்கவில்லை. இறங்கும்போது ஒரு பக்கெற் மாரி பிஸ்கட் தந்துவிட்டுப் போனா.

காதைப் பற்றி. மேலே ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் பிள்ளைகளுக்குக் காது கூடுதலாக நோகும். பறக்கும்போது உள்ளேயிருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல. நுவரெலியா 6,100 அடி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இறங்கத் தொடங்கும்போது அழுத்தம் கூட, காதுக்குள் இருக்கும் குழாய் திறந்து அதைச் சமப்படுத்தவேண்டும். விழுங்கினால்தான் அது திறக்கும். ஆகவே பாலை அதற்கென்று மிச்சம் பிடியுங்கள். ஏறும்போதே முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள். இறங்கத் தொடங்க அரை மணித்தியாலத்துக்கு முன்னமே அவ வந்து, இப்போது கரைத்து வையுங்கோ என்று சொன்னா.

குழந்தைச் சாப்பாடு என்று லண்டனிலிருந்து கொண்டுபோன போத்தல்களை மகள் வாயிலும் வைக்கவில்லை. சமபோஷ என்ற சத்துமாவைச் சுடுதண்ணியில் குழைத்து, வாழைப்பழத்தோடு பிசைந்து, உருண்டை பிடித்துக் கொடுத்தேன். ஒரு உருண்டையை இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டு, அடுத்ததற்குக் கை நீட்டினாள். என்னிடம்தான் நீட்டினாள், கிண்ணம் என் கையில் இருந்ததால். அப்படித்தானே தொடங்கும். நாலு பக்கெற் சமபோஷவும், இல்லத்தில் குளிப்பாட்டும் கொஹொம்ப பேபி சவர்க்காரத்தில் அரை டசினும் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தோம். வாசனை மாறாமல் இருப்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய விசயம்.

தொட்டிலில் அவள் படுக்கவே இல்லை. வைத்தவுடன் விறைத்துப்போய், சத்தம் இல்லாமல், கண்ணை முழித்துக்கொண்டு கிடந்தாள். கட்டிலில் தனியாக விடப்பட்டு, அழுது பிரயோசனம் இல்லை என்று பழகிய பிள்ளையின் கிடை அது. அழுகிற பிள்ளையைவிட அந்த அமைதிக்குத்தான் நான் பயந்தேன். தூக்கி மார்பில் போட்டுக்கொண்டேன். தொட்டில் கடைசிவரைக்கும் பம்பர்ஸும் துவாயும் வைக்க உதவியது. முன்வரிசைக்கு அது ஒன்றே போதும்.

இல்லத்திலிருந்து அவளோடு வந்தது ஒரு துண்டுச் சீத்தை. கட்டில் விரிப்பில் கிழித்தது, பச்சையில் சின்னச் சின்ன மஞ்சள் பூ, தோய்த்துத் தோய்த்துப் பூ வெளிறிப்போய், ஒரு மூலையில் மட்டும் கடித்துக் கடித்து நூல் பிரிந்திருக்கும். அந்த மூலைதான் அவளுக்கு நித்திரை. நான் அதை இன்றுவரை தோய்க்கவில்லை. அரபிக்கடலுக்கு மேலே எங்கேயோ, ஜன்னல்கள் எல்லாம் மூடி விளக்கு அணைத்திருந்த நேரம், அந்த மூலையை வாயில் வைத்துக்கொண்டு என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தாள். இரண்டே முக்கால் மணித்தியாலம். என் வலது கை மரத்துப்போனது, இவர் மாறி வாங்கக் கேட்டார், நான் கொடுக்கவில்லை. விழித்தவுடன் அழுதாள். நித்திரையால் விழித்து அவள் அழுதது அதுதான் முதல் தரம். விழித்ததும் அழுவது, யாரோ வருவார்கள் என்று நம்புகிற பிள்ளை செய்வது. இவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஹீத்ரோவில் அதிக கதை இல்லை. கைப்பிள்ளை இருப்பதால் இயந்திர வாசலால் போக முடியாது, அதிகாரியின் மேசைக்குத்தான் போகவேண்டும். அதே கடதாசிகள், அதே ஒழுங்கு. வெளியே குளிர். கம்பளிச் சட்டையைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போட்டது என் பிழை. இவருடைய மேலங்கிக்குள் அவளைச் சுற்றிக்கொண்டு பெட்டி வரும்வரை நின்றோம்.

அந்தப் பணிப்பெண்ணின் பெயரைச் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டியில் பார்த்து, கொம்பனிக்குக் கடிதம் எழுதினேன். இங்கே அவ பெயரைப் போடவில்லை, கேட்காமல் போடுவது சரியில்லை. அடுத்த ஆவணிக்கு அம்மாவைப் பார்க்கக் கொழும்புக்குப் போகிறோம். மகளுக்கு அப்போது இரண்டு வயது தாண்டிவிடும், தனிச் சீற் எடுக்கவேண்டும். முன்வரிசையில் நடுவில் மூன்று சீற் கேட்டு இப்போதே போன் எடுத்துச் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த முறை ஏஜென்சி இல்லை, நேரேதான். இறங்கியதும் அம்மா தூக்கலாம் என்று சொல்லியாகிவிட்டது.